சேனைத் தேன்

ஆவுடையம்மாள் பாவூர்சத்திரத்துக்குக் கிளம்பிய அன்று காலையிலிருந்தே சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஓலைப்பெட்டியில் தவிட்டைப் பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாகப் புதைத்து, மேலே இன்னும் இரண்டு கை தவிடு போட்டு மூடினாள். கறுத்த பெட்டைக்கோழி ஒன்றைக் காலைக் கட்டிக் கூடையில் வைத்தாள். பிள்ளை பெறப்போகிறவளுக்குப் பிறகு சாறு வைத்துக் கொடுக்க அது. எல்லாம் முடிந்ததும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள். அங்கே தேனீப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்ற புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் போறேன். நாள் நெருங்கிட்டு. வர நாப்பது அம்பது நாளாவும். கோழிய அந்திக்கு எண்ணி அடைக்கணும். பதினோரு உருப்படி. செவலை அடை கெடக்கு, அதக் கலைக்கப்பிடாது."

அய்யாக்குட்டி நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிய பேச்சு அதுதான். என்ன பதில் சொல்லலாம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், அவள் வேலிப்படலைத் திறந்துகொண்டு ஐந்தருவி ரோட்டில் இறங்கிப் போய்விட்டாள்.

அது ஒரு தென்காசிக்காரரின் தோப்பு. மாவும் பலாவும் தென்னையும் கலந்து நிற்கும். காவலுக்கு இருக்கிற அய்யாக்குட்டிக்கு உள்ளேயே ஓர் ஓட்டு வீடு. பிளாக் ஆபீசிலிருந்து வந்தவர்கள் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியையும் அதற்குள் ஒரு கூட்டம் அடுக்குத் தேனீயையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை அவர் நாலு பெட்டியாக்கியிருந்தார். ஆவுடையம்மாளுக்குக் கோழி. அவருக்கு அடை என்றால் தேனடை. அவளுக்கு அடை என்றால் முட்டைமேல் கிடக்கிற கோழி. இரண்டும் ஒரே புறவாசலில் இருந்ததால் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. பங்குனியில் ஆண் ஈக்கள் வெளியே பறக்கத் தொடங்கும். அப்போது கோழிகள் பெட்டி வாசலில் வரிசையாக நின்று ஒவ்வொன்றாகக் கொத்தும். ஒருமுறை சேவலின் கொண்டையில் ஈ கொட்டி அது கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. இன்னொரு முறை அவர் எறிந்த கல்லில் மொட்டைக்கழுத்துக் கோழியின் கால் ஒடிந்தது. ஆவுடையம்மாள் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, ஒரு மாதம் அதை மடியிலேயே வைத்திருந்தாள். அப்போதெல்லாம் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லுகிறவள் மகள் செண்பகம். "அப்பா ஈ கொட்டுனா அது குணம், அம்மா கோழி கொத்துனா மட்டும் குத்தமோ" என்பாள். மூன்று பேரும் சிரித்துவிடுவார்கள்.

செண்பகம் தையல் படிக்கத் தென்காசிக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் ஞானதுரை, பாவூர்சத்திரத்துக் கிறிஸ்தவப் பையன். ஒருநாள் போனவள் திரும்பி வரவில்லை. வேதக்கோயிலில் மோதிரம் மாற்றிக் கல்யாணம் முடிந்த பன்னிரண்டாம் நாள் இரண்டு பேரும் வேலிப்படலுக்கு வெளியே வந்து நின்றார்கள். அய்யாக்குட்டி கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டி அருவிக்கு நடந்தார். தலை நனைய நின்று குளித்துவிட்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். அதுவரைக்கும் அவர்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒரு மவ இருந்தா. செத்துட்டா. தல முழுகிட்டு வாரேன்" என்றார்.

அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான் ஆவுடையம்மாள். வேளாவேளைக்குச் சோறு வைத்தாள், வேட்டியைத் துவைத்துப் போட்டாள். சொல்ல ஏதாவது இருந்தால் கோழிகளைப் பார்த்து உரக்கச் சொன்னாள். செண்பகத்துக்கு முதல் இரண்டு கருவும் தங்காமல் போன சேதியை அவர் தெரிந்துகொண்டதும் கோழிகளுக்குச் சொன்ன சேதியாகத்தான்.

இப்போது அந்தக் குரலும் இல்லை. சீசன் தொடங்கிவிட்டதால் ரோட்டில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆண்களும், ஈரச்சேலையோடு பெண்களும் சிரித்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். வேலிக்கு உள்ளே அய்யாக்குட்டி ஒருவேளை கஞ்சி காய்ச்சி அதையே மூன்று வேளையும் குடித்தார். தொட்டுக்கொள்ள உப்பு மாங்காய். அந்திக்குக் கோழிகளை எண்ணிப் பஞ்சாரத்தில் அடைக்கும்போது ஒன்று குறையும். லாந்தரைப் பிடித்துக்கொண்டு மாமரத்தடியெல்லாம் தேடிவிட்டுத் திரும்பினால் அது வீட்டு விறகுக்குவியல் மேல் உட்கார்ந்திருக்கும்.

அவள் போன எட்டாம் நாள் ஒரு பெட்டியின் காலில் சிற்றெறும்புச் சாரி ஏறிக்கொண்டிருந்தது. பெட்டிகளைச் சாரலுக்காகக் கூரைத் தாழ்வாரத்துக்கு அடியில் நகர்த்தி வைத்திருந்தார். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் ஒரு மண்கிண்ணம், அதில் தண்ணீர் நிற்க வேண்டும். பதினாறு கிண்ணமும் வறண்டு கிடந்தன. குடத்தை எடுத்து ஊற்றும்போதுதான், இந்த மூன்று வருஷத்தில் தான் ஒருநாள்கூட அவற்றில் தண்ணீர் ஊற்றியதாக நினைவில்லை என்பது அவருக்கு உறைத்தது. மீதிக் கிண்ணங்களையும் விளிம்புவரை நிரப்பினார்.

ஐந்தருவி முக்கில் ஆப்பக்கடை போட்டிருக்கிற ஹைருன் பீவி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டைக்கு வருவாள். அவரைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆவுடையம்மாளோடு ஒரு மணி நேரமாவது பேசாமல் போகமாட்டாள்.

"அண்ணாச்சி, முட்டை கெடக்கா?"

"கெடக்கும். எங்கன இடுதுன்னுதான் தெரியல."

"ஆவுடை இருந்தா கொக்கரிக்க சத்தத்துலயே சொல்லிருவா, இது வைக்கப்போருல இட்டுருக்கு, இது உரல் பக்கம் இட்டுருக்குன்னு." அவளே தேடி மூன்று முட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "சேதி ஏதும் வந்துச்சா?"

"எனக்கு யாரு சேதி சொல்லப்போறா?"

"மாப்பிள்ளை நெதம் ரெண்டு தரம் இந்த ரோட்டுலதான் போறாரு. ஒங்க படல் கிட்ட வந்ததும் விசில் குடுத்து பஸ்ஸ செத்த நிறுத்தச் சொல்லுதாரு. ஒங்களுக்குக் கேக்காது."

அய்யாக்குட்டி சர்க்கரைப் பாகைக் கலக்கிக்கொண்டிருந்தார். சாரல் காலத்தில் ஈக்களால் வெளியே போக முடியாது. பூவில் இருக்கிற தேனெல்லாம் தண்ணீரோடு போய்விடும். சிரட்டையில் சர்க்கரைப் பாகை ஊற்றி, மேலே ஒரு துரும்பைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தால், துரும்பைப் பிடித்துக்கொண்டு குடிக்கும். மூன்று பெட்டிகள் அப்படித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. சுவரோரத்துப் பெட்டிக்கு மட்டும் பாகு வேண்டியதில்லை. அதில் மெழுகால் மூடிபோட்ட தேனாக இரண்டு அடை இருந்தது. வைகாசியில் தேன் எடுத்தபோது, சாரலுக்கு ஆகட்டும் என்று அவர் அதுகளுக்காகவே விட்டுவைத்தது.

"ஈக்கு ஊட்டுற ஆளு" என்று சொல்லிவிட்டு ஹைருன் பீவி எழுந்து போனாள்.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு மதியம் அவள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேகமாக வந்தாள்.

"பொம்பளப் பிள்ளை அண்ணாச்சி. நேத்து வெடியக்காலம். தாயும் பிள்ளையும் சொகம். மாப்பிள்ளை பஸ்ஸ நிறுத்தி எங்கிட்ட சொல்லிட்டுப் போறாரு."

அய்யாக்குட்டி கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார்.

"ஆவுடை சொல்லி விட்டுருக்கா. நாளைக்கி மூணாம் நாளு, குளிப்பாட்டி சேனை வைக்கணுமாம். கடைத்தேன் எல்லாம் கலப்படம், நம்ம பெட்டித் தேன் வேணுமாம்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். செண்பகத்துக்கு வைத்தது அய்யாக்குட்டிதான். அன்றைக்கு இருந்தது கருப்பட்டிப் பாகு.

"தேன் இல்லையே பீவி. வைகாசியில எடுத்தது பூரா குடுத்தாச்சு."

"ஒரு சொட்டு கூடவா இல்ல?"

அவர் சுவரோரத்துப் பெட்டியைப் பார்த்தார். அவள் கண்ணும் அங்கே போனது.

"ஆடியில ஈயத் தொடப்பிடாதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

"ஆமா."

"அப்பம்?"

"அப்பம் ஒண்ணுமில்ல. நாளைக்கிக் கொண்டு போறேன்."

மறுநாள் காலையில் சாரல் கொஞ்சம் வெறித்தது. மலை உச்சியில் மேகம் இறங்கியே இருந்தது. அரைமணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் பண்ணி, தேங்காய்ச் சவுரி நாரைப் பற்றவைத்துப் புகை காட்டிப் பெட்டியைத் திறந்தார். குளிர்ந்த காற்று உள்ளே போனதும் ஈக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்தாகச் சுருண்டன. கொட்டக்கூடத் தெம்பில்லை. ஓர் அடையை வெளியே எடுத்தார். இதை மட்டும் எடுத்தால் போதாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். சாரலில் ஈக்கள் குடித்ததுபோகப் பாதிக் கண்ணறைகளில்தான் தேன் மிச்சமிருந்தது. பிழிந்தால் அரைப் பாட்டில்கூட வராது. இரண்டாவதையும் எடுத்தார். அறுக்கும்போது ஈக்கள் அவர் விரலில் ஒழுகிய தேனை நக்கிக்கொண்டு அப்படியே ஒட்டிக்கிடந்தன. உதறினால் தரையில் விழுந்தன. விழுந்தவை எழுந்து பறக்கவில்லை.

மொட்டைக்கழுத்துக் கோழி ஓடிவந்து அவற்றைக் கொத்தத் தொடங்கியது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. அய்யாக்குட்டி விரட்டுவதற்குக் கையை ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, தாழ்த்திக்கொண்டார்.

வேட்டித்துணியில் கட்டிப் பிழிந்ததில் மருந்துப் பாட்டில் முக்கால் வந்தது. பெட்டிக்குள் இரண்டு சிரட்டை சர்க்கரைப் பாகை வைத்து, சாக்கைப் போர்த்திவிட்டு, சலவை வேட்டியை எடுத்துக் கட்டினார்.

ரோட்டில் பஸ் வந்தது. மாப்பிள்ளையின் பஸ். படலுக்கு உள்ளேயே பலாமரத்து மறைவில் நின்று, அது விசில் கொடுத்து நின்று கிளம்பிப் போகிற வரைக்கும் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த பஸ்ஸில் ஏறினார். தென்காசியில் இறங்கி மாறவேண்டும். கிழக்கே போகப் போகச் சாரல் மெலிந்து, பாதி வழியைத் தாண்டும்போது தூறல்கூட இல்லை. பாவூர்சத்திரத்தில் சுள்ளென்று வெயில். பழக்கத்தில் விரித்த குடையும் தோளில் ஈரக் கம்பளியுமாக இறங்கியவரைச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். குடையை மடக்கிக்கொண்டார்.

வீடு வேதக்கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது. முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஓர் அம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஞானதுரையின் தாய் சுகிர்தமாகத்தான் இருக்க வேண்டும்.

"யாரு வேணும்?"

"குத்தாலத்துலருந்து வாரேன். தேன்."

சுகிர்தம் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஒருகணம் அவரையே பார்த்தாள். "மதினி, இங்கன வாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதிய" என்றாள்.

"இருக்கட்டும்."

ஆவுடையம்மாள் வந்தாள். தலை ஈரமாக இருந்தது. அவளிடமிருந்து பேறுகால மருந்து வாசனையும் பால் வாசனையும் வந்தன. பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"எந்தப் பெட்டி?"

"செவரோரம் இருக்கே, அது."

"ரெண்டு அடையுமா?"

"ரெண்டும்."

அவள் பாட்டிலை இறக்கி முந்தானையால் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "பெட்டி நிக்குமா?"

"பாப்போம்" என்றார். பிறகு, "நீ கேட்டியா, அவ கேட்டாளா?" என்றார்.

"அவதான். வலியோட கெடக்கையிலயே சொல்லிட்டா, அப்பா பெட்டித் தேன் வாங்கி வையின்னு."

உள்ளேயிருந்து பிள்ளையின் அழுகை கேட்டது. சின்னக் குரல்தான், ஆனால் விடாத குரல். அவர் கண் வாசலுக்குப் போனது. அங்கே பூப்போட்ட சேலையொன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"நான் வந்திருக்கேன்னு சொல்லு."

ஆவுடையம்மாள் உள்ளே போனாள். பேச்சுக்குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அழுகை நின்றது. திரும்பி வந்தவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இப்பம் வேண்டாம்ங்கா."

"இப்பமா?"

"இப்பம்னுதான் சொன்னா."

"சேனை யாரு வைக்கா?"

"அவளே வைக்காளாம். ஒருத்தர் குணமும் எம்பிள்ளைக்கு வேண்டாம், எங்குணம் போதும்ங்கா. அவ குணம் எங்கருந்து வந்துச்சுன்னு அவளுக்கு நெனப்பில்ல."

சுகிர்தம் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்தால் கிளம்ப வேண்டும் என்பதால் மெதுவாகக் குடித்தார். ஆவுடையம்மாளும் உள்ளே போகவில்லை.

"செவலை பொரிச்சிட்டா?"

"பொரிச்சிட்டு. ஒம்பது வச்சதுல ஏழு. ஒண்ணு பருந்து தூக்கிட்டு."

"தாய் கூடவா நின்னுச்சு?"

"கூடத்தான் நின்னுச்சு. பறந்து போயி அது காலக் கொத்திச்சு. நான் ஓடுததுக்குள்ள மேல போயிட்டு."

"குஞ்சுக்குக் குருணை நனைச்சுப் போடணும். காஞ்சத போட்டா தொண்டையில நிக்கும்."

"நனைச்சுத்தான் போடுதேன்."

"மொட்டக்கழுத்து?"

"அது விறகு மேலதான் ஒறங்குது. பஞ்சாரத்துக்குள்ள வரமாட்டேங்கு. தெனமும் எண்ணிக்கை கொறையுது, தேடுதேன்."

"அத தேட வேண்டாம். கால் ஒடிஞ்சதுலருந்து அதுக்கு ஒசரத்துல இருந்தாத்தான் பயமில்ல. விட்டுருங்க." அவள் கொஞ்சம் நிறுத்தி, "மழை பெய்ஞ்சா பெட்டிக்குக் கீழ போயி நிக்குமே, வெரட்டுதியளா?" என்றாள்.

"இல்ல. நிக்கட்டும்னு விட்டுட்டேன். கீழ விழுற மெழுகுப்புழுவெல்லாம் அதுதான் பொறுக்குது."

"எத்தன வருசமாச் சொன்னேன்" என்றாள் ஆவுடையம்மாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

காப்பி தீர்ந்துவிட்டது. தம்ளரை அவளிடம் நீட்டினார்.

"நீ எப்பம் வருவ?"

"ஆவணி போகட்டும். இவ ஒடம்பு தேறணும். ரெண்டு போயி மூணாவதா நின்னது. பெறவு தையல் மிசினு போடணும்ங்கா, பிள்ளையப் பாக்க ஆளு வேணும். இங்கன நான் இருந்தாத்தான் சரிவரும்."

"அங்கன..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"அங்கன நீங்கதான் இருக்கியள்ல" என்றாள் அவள். அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ் வருகிற வரைக்கும் யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை.

ஐந்தருவி முக்கில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுபடியும் சாரல். படலைத் திறந்ததும் நேரே புறவாசலுக்குப் போனார். சுவரோரத்துப் பெட்டியின் வாசலில் ஒரு ஈ கூட இல்லை. சாக்கை விலக்கி மூடியைத் தூக்கினார். சிரட்டைகளில் பாகு அப்படியே நிறைந்து கிடந்தது. மிச்சமிருந்த அடைகளில் வெறும் கண்கள். நடுவில் ஈக்கள் கொஞ்சம் குஞ்சுப் புழுவை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தன.

ஹைருன் பீவி கோழிகளை அடைத்துவிட்டுப் பஞ்சாரத்துமேல் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் ஒரு கீத்து வெயிலு அடிச்சிது பாருங்க, அப்பம் கெளம்பிட்டு அண்ணாச்சி. முட்டைக்கு வந்தவ பாத்துட்டே நின்னேன். பூராவும் ஒண்ணாச் சுத்தி, தென்னைக்கு மேல ஏறி, மலையப் பாக்கப் போயிட்டு. நான் என்ன செய்ய?"

"நீங்க என்ன செய்வீங்க?"

"திரும்பி வருமா?"

"வராது."

மூடியைப் போட்டு மூடினார். தாழ்வாரத்துக்கு வந்து ஈரக் கம்பளியைக் கொடியில் போட்டார். ஹைருன் பீவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அது கெடக்கட்டும். பிள்ளைய சொல்லுங்க. யாரு மாதிரி இருக்கு?"

அய்யாக்குட்டி கம்பளியின் ஓரத்தைப் பிழிந்தார். "நல்லா இருக்கு" என்றார்.

"நல்லா இருக்குன்னா? நெறம் எப்பிடி?"

"செவப்பு. பொறந்த பிள்ளை செவப்பாத்தான இருக்கும்."

"முடி?"

"முடி... நெறைய. காது வரைக்கும் கெடக்கு."

"மூக்கு ஆவுடை மூக்கா?"

"இல்ல, எங்க அம்மை மூக்கு. நுனியில செத்த தூக்குனாப்புல." அவள் கேட்காமலே மேலே சொன்னார். "கைய மூடிக்கிட்டே கெடக்கு, பீவி. நான் வெரல நீட்டுனேன். பைய விரிச்சி, பிடிச்சிக்கிட்டு. விட மாட்டேங்கு."

ஹைருன் பீவியின் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. "சின்னது கைப்பிடி அப்பிடித்தான் இருக்கும்" என்றாள். "கண்ணு முழிச்சிதா? ஒங்களப் பாத்துச்சா?"

"பாத்துச்சு" என்றார் அய்யாக்குட்டி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "செத்த நேரம் பாத்துட்டே இருந்துச்சு" என்றார்.